அரிய மரபுவழி நரம்பு நோயா? புரிகிற தகவலைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

மருத்துவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த மூன்று சொற்களை அன்று மாலையே கைபேசியில் தட்டிப் பார்த்தேன். ஷார்கோ-மாரி-டூத். மொழிபெயர்ப்புக் கருவி கொஞ்சமும் தயங்காமல் 'பல் நோய்' என்றது. பாதம் வில்லாய் வளைந்து, படியேறும்போதெல்லாம் கால் நுனி தட்டி விழுந்துகொண்டிருந்த எனக்குப் பல்லில் என்ன கோளாறு என்று புரியவில்லை. டூத் என்பது 1886இல் இந்த நோயை விவரித்த மூன்று மருத்துவர்களில் ஒருவருடைய பெயர் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. நோயைப் பற்றி ஓரளவு தெளிவு பிறக்க எட்டு மாதம். சரியான வரிசை தெரிந்திருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த காலம் போக, படிப்பதை மூன்று வாரத்தில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் உதாரணங்கள் பெரும்பாலும் ஷார்கோ-மாரி-டூத், சுருக்கமாக சி.எம்.டி., பற்றியவை. உங்களுடையது வேறு நோயாக இருந்தாலும் தேடும் வழி இதேதான்.

1. முதல் இரவு தேடாதீர்கள்

யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். பெயர் தெரிந்த அன்று இரவு தேடினால் முதலில் கண்ணில் படுவது சக்கர நாற்காலிப் படங்கள்தான். ஒரே பெயரின் கீழ், பள்ளி வயதிலேயே நடக்கச் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், எழுபது வயதில் வேறு எதற்கோ பரிசோதித்தபோது தற்செயலாகத் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் படிக்கும் எதுவும் உங்களைப் பற்றியது ஆகாது. இரண்டாவது படியை முடித்துவிட்டுத் தேடுங்கள்.

2. முழுப் பெயரை வாங்குங்கள்

என் எட்டு மாதத்தில் ஐந்து மாதத்தைத் தின்றது இதுதான். 'சி.எம்.டி.' என்பது ஒரு குடும்பப் பெயர். ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நோய் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் 100க்கும் மேற்பட்ட மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே உங்கள் தனி வகை உண்மையிலேயே அரிதாக இருக்கலாம். குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 17ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 என்ற மரபணு இருக்கும் துண்டு இரட்டித்துவிட்டால் வருவது சி.எம்.டி.1ஏ. பாதமும் கையும் மெல்ல மெல்ல வலுவிழக்கும். அதே துண்டில் ஒரு பிரதி காணாமல் போனால் வருவது எச்.என்.பி.பி. என்ற வேறு நோய். அதில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாலோ கால்மேல் கால் போட்டாலோ நரம்பு அழுந்தி, கை அல்லது பாதம் சில நாளுக்கோ சில மாதத்துக்கோ மரத்துச் செயலிழந்து, பிறகு பெரும்பாலும் மீண்டுவிடும். மரபணுவின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு 'இரட்டிப்பா, இழப்பா' என்பதைக் கேட்காமல் வந்தால், நேர் எதிரான நோயைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நான் மூன்று வாரம் அப்படிப் படித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 'மரபுவழி நரம்பு நோய்க்கு மருந்தில்லை' என்று பல இடங்களில் பொதுவாக எழுதியிருப்பார்கள். எல்லா வகைக்கும் அது உண்மையில்லை. டிடிஆர் மரபணுவால் வரும் அமிலாய்டு நரம்பு நோய்க்கு 2018இலிருந்தே மரபணுவின் உற்பத்தியை அடக்கும் மருந்துகள் அங்கீகாரம் பெற்றுள்ளன. ரெஃப்சம் நோயில் ஃபைட்டானிக் அமிலம் அதிகமுள்ள உணவுகளைக் குறைப்பதே சிகிச்சையின் முக்கியப் பகுதி. இந்த இரண்டையும் ஆரம்பத்தில் சி.எம்.டி. என்று தவறாக நினைப்பதுண்டு. சரியான பெயர் இல்லாமல் 'மருந்தில்லை' என்ற வரியோடு நின்றுவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த வகை, எந்த மரபணு, மரபணுவில் என்ன மாற்றம்? பதிலை அவர் கையாலேயே, ஆங்கிலத்தில், பெரிய எழுத்துகளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காதால் கேட்டு எழுதாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் வேறு மரபணு.

'மரபணுப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை' என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிட வேண்டாம். எந்த முறையில் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். சி.எம்.டி.யில் மிக அதிகமாகக் காணப்படுவது மேலே சொன்ன இரட்டிப்புதான். மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் பரிசோதனையில் அது தப்பிவிடக்கூடும். மெய்ப்புத் திருத்துகிறவர் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்தால், ஒரே பக்கம் இரண்டு முறை பைண்டாகியிருப்பது அவர் கண்ணில் படாது அல்லவா, அதுபோலத்தான். பிரதிகளை எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. போன்ற பரிசோதனை செய்யப்பட்டதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு முதலில் செய்தது விலை கூடிய விரிவான பரிசோதனை, 'ஒன்றுமில்லை' என்று வந்தது. பிறகு செய்த, அதைவிட மலிவான எம்.எல்.பி.ஏ.தான் விடை சொன்னது. வரிசை மாறிப்போனதில் பணமும் போயிற்று, நான்கு மாதமும் போயிற்று.

3. கையில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

தேடத் தொடங்குவதற்கு முன் இவை ஒரே கோப்பில் இருக்கட்டும்.

நரம்புக் கடத்தல் பரிசோதனையின் முழு அறிக்கை. கடைசிப் பக்கத்தின் இரண்டு வரி முடிவு மட்டும் போதாது, எண்கள் உள்ள அட்டவணையும் வேண்டும். அதில் கையின் இயக்க நரம்பில் மின்தூண்டல் ஓடும் வேகம் 'மீட்டர்/விநாடி' என்ற கணக்கில் இருக்கும். நொடிக்கு 38 மீட்டர் என்பது நெடுநாளாக வழங்கும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில் கோளாறு, அதாவது முதல் வகை. அதற்கு மேலே என்றால் உள்ளே ஓடும் ஆக்ஸான் இழையில் கோளாறு, அதாவது இரண்டாம் வகை. இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்களும் உண்டு. இந்த ஓர் எண் கையில் இருந்தால், மரபணு முடிவு வருவதற்கு முன்பே பாதிப் பக்கங்களை ஒதுக்கிவிடலாம்.

மரபணுப் பரிசோதனையின் முழு அறிக்கை. ஆய்வகம் அனுப்பிய மூலப் பிரதியே வேண்டும், மருத்துவரின் சுருக்கம் உதவாது. மூல மரபணுத் தரவுக் கோப்பும் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். பின்னாளில் மறுஆய்வு செய்யும்போது மறுபடி ரத்தம் கொடுக்காமல் தப்பிக்கலாம். பல ஆய்வகங்கள் குறிப்பிட்ட காலம் வரைதான் அதை வைத்திருக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம். யாருக்கு நோய் என்று மட்டும் கேட்டால் 'யாருக்கும் இல்லை' என்றுதான் பதில் வரும். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கேள்வியை மாற்றினேன்: யாருக்குச் செருப்பு அடிக்கடி கழன்றுவிடும்? யாருடைய செருப்பு ஒரு பக்கமாகத் தேயும்? யாருக்குச் சட்டைப் பொத்தான் போட நேரமாகும்? அப்பா தன் பழைய செருப்பை எடுத்துக் கவிழ்த்தார். வெளிவிளிம்பு காகிதம்போல் தேய்ந்திருந்தது, உள்விளிம்பு புதிதாக இருந்தது. என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். அளவைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

இவற்றுடன் நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். எதற்கு என்பது எட்டாவது படியில்.

4. தமிழில் தேடினால் என்ன வரும்

தாய்மொழியில் தேடுவதுதான் இயல்பு. ஆனால் இந்த விஷயத்தில் தமிழ் நம்மை இரண்டு இடத்தில் வழுக்கிவிடுகிறது.

முதலாவது, 'நரம்பு' என்ற சொல். பேச்சு வழக்கில் ரத்தம் ஓடும் சிரைக்கும் அதே சொல். ஊசி போடுகிறவர் தேடுவது 'நரம்பு', காலில் நீலமாகப் புடைத்து நிற்பதும் 'நரம்பு'. ஆகவே 'கால் நரம்பு நோய்' என்று தேடினால் பாதி முடிவுகள் சிரைச் சுருள் பற்றியவை. இரண்டாவது, 'நரம்புத் தளர்ச்சி'. இந்தச் சொல்லை விளம்பரக்காரர்கள் ஆண்மைக் குறைவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 'பரம்பரை நரம்புத் தளர்ச்சி' என்று ஒருமுறை தேடினேன். அதன் பிறகு பல வாரம் என் கைபேசியில் வந்த லேகிய விளம்பரங்களை வீட்டில் யாருக்கும் காட்ட முடியவில்லை.

தமிழில் தேடத்தான் வேண்டும் என்றால் 'புற நரம்பு நோய்', 'மரபணுக் கோளாறு', 'மயலின் உறை' போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள். அடிப்படை உடலியலுக்கு, நரம்பு என்றால் என்ன, மயலின் என்ன செய்கிறது என்ற அளவுக்கு, தமிழ்ப் பக்கங்கள் போதும். உங்கள் தனி வகையைப் பற்றித் தமிழில் கிடைப்பது மிகக் குறைவு. கிடைப்பதிலும் பெரும்பகுதி கருவி மொழிபெயர்த்தது. தேடலை ஆங்கில எழுத்தில் செய்து, படிப்பதைத் தமிழில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவந்தது.

5. படிக்கும் வரிசை

நான் செய்த பெரிய தவறு, நேராக ஆய்வுக் கட்டுரையில் போய் விழுந்தது. கீழ்க்கண்ட வரிசையில் படியுங்கள். எல்லாமே இலவசம்.

முதலில் மெட்லைன்பிளஸ் ஜெனிட்டிக்ஸ். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் பொதுமக்களுக்காக எழுதுவது. நோயின் பெயரைக் கொடுத்தால் அறிகுறி, எத்தனை பேருக்கு வரும், எந்த மரபணு, எப்படிக் கடத்தப்படுகிறது என்று நான்கைந்து பத்திகளில் சொல்லும். பள்ளி ஆங்கிலம் போதும். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

அடுத்தது ஆர்ஃபாநெட். பிரான்சில் 1997இல் தொடங்கிய அரிய நோய்களின் களஞ்சியம். இங்கே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது உங்கள் நோயின் எண். ஒவ்வொரு அரிய நோய்க்கும் ஆர்ஃபா எண் என்று ஒன்று உண்டு. நோய்க்கு எத்தனை பழைய பெயர் இருந்தாலும் எண் மாறாது. சி.எம்.டி.க்கே எச்.எம்.எஸ்.என்., பெரோனியல் தசை நலிவு என்றெல்லாம் பெயர்கள் உண்டு. பழைய கட்டுரைகளில் அவைதான் இருக்கும். எல்லாப் பெயர்களையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஓமிம் என்ற மரபணுக் களஞ்சியத்தின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சி.எம்.டி.1ஏ-வுக்கு அது 118220. ஓமிம் பக்கத்தைப் படிக்க முயல வேண்டாம், அது மரபணு வல்லுநர்களுக்கானது. எண் போதும். படிவங்களில் கேட்கும் ஐ.சி.டி. எண், அதாவது நோய்களின் உலகப் பொது வகைப்பாட்டு எண், வேறு. அதன் பத்தாம் பதிப்பில் மரபுவழி இயக்க, உணர்வு நரம்பு நோய்கள் அனைத்துக்கும் ஜி60.0 என்ற ஒரே எண்தான். அதை வைத்து உங்கள் வகையைத் தேடிப் பிடிக்க முடியாது.

மூன்றாவதுதான் உண்மையான புதையல்: ஜீன்ரிவ்யூஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் தொகுக்கும் இந்த அத்தியாயங்கள் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும், வரிசை மாற்றிப் படித்தால் நமக்கும் புரியும். மேலிருந்து கீழே படிக்காதீர்கள். தொடக்கத்தில் உள்ள சுருக்கத்தைப் படித்ததும் நேராகப் 'பராமரிப்பு' பகுதிக்குத் தாவுங்கள். எதைக் கண்காணிக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, எந்த மருந்துகளையும் சூழ்நிலைகளையும் தவிர்க்க வேண்டும் என்று அங்கே உப தலைப்புகளோடு இருக்கும். அதன்பின் 'மரபணு ஆலோசனை' பகுதி. பரிசோதனை நுணுக்கங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், பார்க்காமலும் விடலாம். மேலே கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கும். பல ஆண்டு பழையது என்றால், சிகிச்சை பற்றிய வரிகளை மட்டும் வேறு இடத்தில் சரிபாருங்கள். என்னை இது இரண்டு வார இறுதிகள் பிடித்துவைத்தது.

மரபணு ஆலோசனைப் பகுதியைப் படிக்கும்போது ஒரு கணக்கில் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். ஓங்கு முறையில், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து மாற்றம் வந்தாலே போதும் என்ற முறையில், கடத்தப்படும் நோய் என்றால் குழந்தைக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்று போட்டிருக்கும். 'இரண்டு பிள்ளைகள், ஒருவனுக்கு வந்துவிட்டது, அப்படியானால் மற்றவன் தப்பினான்' என்று என் உறவினர் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சுண்டுகிறார்கள். இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால்தான் நோய் வரும் ஒடுங்கு முறை என்றால், பெற்றோர் இருவரும் நோயின்றித் தாங்கிகளாக இருக்கும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீதம். எக்ஸ் குரோமோசோம் வழி என்றால் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் ஒருவரிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அந்த இடத்தில் அம்மா வழியா அப்பா வழியா என்று குற்றவாளியைத் தேடுவது வீண்.

6. மொழிபெயர்ப்புக் கருவிக்கு ஒரு கடிவாளம்

பத்தி பத்தியாக ஒட்டித் தமிழாக்கிப் படிப்பதில் தவறில்லை, நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் என் குறிப்பேட்டில் உள்ள சிலவற்றைப் பாருங்கள். பாதம் தொங்கிப்போவதைக் குறிக்கும் 'ஃபுட் டிராப்' எனக்குக் 'கால் துளி' என்று வந்தது. நரம்புக் கடத்தல் வேகம் ஒருமுறை 'நரம்பு நடத்தை வேகம்' ஆனது. ஒரே மாற்றம் ஆளுக்கு ஆள் வேறு அளவில் வெளிப்படும் என்பதற்கான சொல்லுக்கு 'மாறும் முகபாவம்' என்று வந்ததைப் பார்த்து, முகத் தசையும் போகப்போகிறதோ என்று ஓர் இரவு தூங்கவில்லை.

தப்பிக்க வழி எளிது. உங்கள் நோய்க்கு அடிக்கடி வரும் இருபது, இருபத்தைந்து சொற்களை ஆங்கிலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் தமிழில் ஒரு வரி விளக்கம். அந்தச் சொற்கள் வரும்போது கருவியை நம்பாமல் உங்கள் தாளைப் பாருங்கள். 'இல்லை' என்று முடியும் வாக்கியங்களில் இரட்டைக் கவனம் தேவை. 'தவிர்க்க வேண்டியதில்லை' என்பது 'தவிர்க்க வேண்டும்' ஆவதற்கு ஒரு சொல் நழுவினால் போதும். மருந்துப் பெயர் உள்ள வாக்கியத்தை ஒருபோதும் தமிழாக்கத்தில் மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளுக்கும் இதே விதிதான். நீங்கள் ஒட்டிய பத்தியை எளிய தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அதை நன்றாகவே செய்யும். வெறுங்கையோடு போய் 'என் நோயைப் பற்றிச் சொல்' என்று கேட்டால், இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் போட்டுத் தரக்கூடும். அது தரும் மேற்கோள் எதுவானாலும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

7. மரபணு அறிக்கையில் ஒரே ஒரு சொல்

அறிக்கை பத்துப் பக்கம் இருந்தாலும் உங்களுக்கு வேண்டியது, கண்டறிந்த மாற்றத்தை எந்த வகுப்பில் போட்டிருக்கிறார்கள் என்பது. 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட நெறிமுறைப்படி ஐந்து வகுப்புகள்: நோய் விளைவிப்பது, அநேகமாக நோய் விளைவிப்பது, முக்கியத்துவம் உறுதியாகாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது.

நடுவில் இருப்பதுதான் கண்ணி. 'உறுதியாகாதது' என்ற வகுப்பு நோய் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நம்பித் திருமண முடிவோ கர்ப்ப முடிவோ எடுக்கக் கூடாது, உறவினர்களுக்கு அறிவிப்பும் தர வேண்டாம். பெற்றோருக்கும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதித்தால் சில நேரம் தெளிவாகும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். புதிய சான்றுகள் வர வர வகுப்பு மாறும். கிளின்வார் என்ற இலவசத் தளத்தில் உங்கள் மாற்றத்தை, அறிக்கையில் உள்ள குறியீட்டை எழுத்து பிசகாமல் கொடுத்து, பார்க்கலாம். பக்கத்தில் நட்சத்திரங்கள் இருக்கும். அவை நோயின் தீவிரத்தைக் காட்டுபவை என்று நினைத்துப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வகைப்பாடு எவ்வளவு பரிசீலனைக்கு உட்பட்டது என்பதைத்தான் அவை காட்டுகின்றன.

அறிகுறி எதுவும் இல்லாத சிறு குழந்தைக்கும் பரிசோதித்துவிடலாமா என்ற எண்ணம் வரும். சிறுவயதில் செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லாத நோய் என்றால், பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்பதே மரபணு ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது. காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், பரிசோதனை முடிவு அதைப் பாதிக்குமா என்பதை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். பின்னால் விசாரித்துப் பயனில்லை.

8. தவிர்க்க வேண்டிய மருந்துகள்

சிறிய படி, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து சி.எம்.டி.1ஏ உள்ளவர்களுக்குத் திடீரெனக் கடுமையான நரம்புச் சேதத்தை உண்டாக்கியிருக்கிறது. எச்.என்.பி.பி. உள்ளவர்களை அறுவை மேசையில் படுக்கவைக்கும்போது கை, கால் எங்கும் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜீன்ரிவ்யூஸ் சொல்வதையும் உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்வதையும் சேர்த்து அரைப் பக்கத்தில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர் எதிரான பொறி, பட்டியலைப் பார்த்துப் பயந்து ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தாமாக நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள், பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

9. ஆய்வுக் கட்டுரைகள்: பணம் கொடுக்காமல், ஏமாறாமல்

இவ்வளவும் முடித்த பிறகு பப்மெட்டுக்கு வாருங்கள். இடது பக்க வடிகட்டிகளில் 'முழுக் கட்டுரை இலவசம்', 'மீள்பார்வை' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கடந்த ஐந்து ஆண்டு என்று வரம்பு வையுங்கள். ஒரு நல்ல மீள்பார்வைக் கட்டுரை ஐம்பது தனிக் கட்டுரைகளுக்குச் சமம்.

கட்டணம் கேட்கும் கட்டுரை வந்தால் அட்டையை எடுக்காதீர்கள். முதலில் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். இல்லையென்றால் கட்டுரையின் தலைப்பை அப்படியே பொதுத் தேடலில் கொடுங்கள், ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் பிரதி இருக்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் கட்டுரையிலேயே இருக்கும். மூன்று வரி எழுதுங்கள்: நான் இந்த நோய் உள்ளவன், இந்தக் கட்டுரை வேண்டும், அனுப்ப முடியுமா? கட்டணம் ஆசிரியர் கைக்குப் போவதில்லை, ஆகவே அனுப்பத் தயங்குவதும் குறைவு. எனக்கு ஒருவர் பிரதியோடு, எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

படிக்கும்போது முதல் கேள்வி: யாரிடம் செய்த ஆய்வு? வைட்டமின் சி கதையைச் சொன்னால் புரியும். 2004இல் சி.எம்.டி.1ஏ நோயுள்ள எலிகளுக்கு அதிக அளவில் வைட்டமின் சி கொடுத்தபோது அவை நன்றாக நடந்தன. செய்தி பரவியது. பிறகு வெவ்வேறு நாடுகளில் நூற்றுக்கணக்கான மனிதர்களிடம், ஓராண்டு, ஈராண்டு என்று முறையாகச் சோதித்தார்கள். பலன் இல்லை. அந்த முடிவுகள் 2009க்கும் 2013க்கும் இடையிலேயே வெளிவந்துவிட்டன. அப்படியும் பல ஆண்டு கழித்து எனக்குக் கிடைத்த முதல் 'நல்ல செய்தி' அந்த எலிக் கட்டுரையைப் பற்றியதுதான். ஒரு மாதம் மாத்திரை வாங்கித் தின்றேன்.

ஆகவே எலியா, மனிதரா? மனிதர் என்றால் எத்தனை பேர்? ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு இருந்ததா? உங்கள் வகையில்தான் செய்தார்களா? இந்த நான்குக்கும் விடை சுருக்கத்திலேயே இருக்கும். மதிப்பாய்வுக்கு முன் வெளியிடப்படும் முன்வரைவுக் கட்டுரைகளை நம் அளவில் ஒதுக்கிவிடுவது நல்லது.

கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ் என்ற பதிவேட்டில் மருந்துச் சோதனைகளைத் தேடலாம். பெயரில் அரசு இருப்பதால் அங்கே பட்டியலில் உள்ள எல்லாமே அரசு சரிபார்த்தவை என்று எண்ணிவிடக் கூடாது. நடத்துகிறவர்களே பதிவு செய்கிறார்கள். சோதனை மருந்துக்கோ ஸ்டெம் செல் ஊசிக்கோ உங்களிடம் பெருந்தொகை கேட்டால் விலகிவிடுங்கள். ஒழுங்கான சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்குப் பங்கேற்பவரிடம் பணம் வாங்குவது அரிது.

10. நோயாளர் அமைப்புகள்

சி.எம்.டி.க்கு அமெரிக்காவில் சி.எம்.டி. அசோசியேஷன், ஹெரிடிட்டரி நியூரோபதி ஃபவுண்டேஷன், பிரிட்டனில் சி.எம்.டி. யு.கே. ஆகியவை இருக்கின்றன. அவற்றின் பிரசுரங்களில் மருத்துவப் பக்கங்கள் சொல்லாதவை கிடைக்கும்: கணுக்கால் தாங்கியை எப்படித் தேர்வு செய்வது, களைப்பு வருவதற்கு முன்பே எப்படி நிறுத்திக்கொள்வது. வேறு நோய் என்றால் ஆர்ஃபாநெட்டின் பக்கத்திலேயே அந்தந்த நோயாளர் அமைப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம்.

நோயாளர்கள் பேசிக்கொள்ளும் குழுக்களில் சேர்வதானால் ஒன்றை மனதில் வையுங்கள். அதிகம் துன்பப்படுகிறவர்கள்தான் அதிகம் எழுதுவார்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போய் வந்துவிடுகிறவர் எதையும் எழுதுவதில்லை. அறிக்கையைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், பெயரும் பதிவு எண்ணும் தெரியாமல் மறைத்துப் போடுங்கள். அது உங்கள் அறிக்கை மட்டுமல்ல, உங்கள் உடன்பிறந்தவர்களுடையதும்.

11. மருத்துவரிடம் திரும்பிப் போகும்போது

படித்ததையெல்லாம் அச்செடுத்து ஒரு கட்டாகக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை, நியாயம்தான். அடுத்த முறை ஒரே தாள். மேலே வகை, மரபணு, எண்கள். நடுவில் போன முறைக்குப் பிறகு என்ன மாறியது, தேதியோடு: 'மார்ச்சிலிருந்து சாவி திருப்ப இரண்டு கை தேவைப்படுகிறது' என்பதுபோல. கீழே மூன்று கேள்விகள். நான்காவது கேள்விக்கு இடமே விடாதீர்கள், மூன்றுக்குத்தான் நேரம் இருக்கும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், நீங்கள் கேளுங்கள், அவர் எழுதட்டும். மரபணு ஆலோசகர் கிடைத்தால் தனியாக நேரம் வாங்குங்கள். நரம்பியல் மருத்துவர் பத்து நிமிடத்தில் சொல்வதை அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்வார். என் செலவில் மிகவும் பயன்பட்டது அந்தக் கட்டணம்தான்.

12. எவ்வளவு காலம், எதற்குப் பணம்

அறிக்கைகள் வாங்கிச் சேர்க்க ஒரு வாரம். மரபணு முடிவு வரச் சில வாரத்திலிருந்து சில மாதம் வரை. அதை யாரும் அவசரப்படுத்த முடியாது, அந்த இடைவெளியில் சொல் பட்டியலையும் குடும்ப வரைபடத்தையும் முடித்துவிடுங்கள். முடிவு வந்த பின் படிப்பதற்கு இரண்டு, மூன்று வாரம். பணம் தேவைப்படுவது பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மட்டுமே, படிப்பதற்கு ஒரு காசும் வேண்டாம். 'உங்கள் நோய்க்கான முழு அறிக்கை' என்று விலைக்கு விற்கிறவர்கள் தருவது மேலே சொன்ன இலவசப் பக்கங்களின் பிரதிதான்.

பிறகு ஆண்டுக்கு ஒருநாள். நான் என் பிறந்தநாளுக்கு மறுநாளை வைத்திருக்கிறேன். ஜீன்ரிவ்யூஸின் புதுப்பித்த தேதி, கிளின்வாரில் என் மாற்றத்தின் வகுப்பு, மருந்துச் சோதனைப் பதிவேடு, இந்த மூன்றை மட்டும் பார்ப்பேன். உறுதியாகாத வகுப்பில் இருப்பவர்கள் அன்றைக்கே ஆய்வகத்துக்கும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வகுப்பு மாறினாலும் அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.